கரண்ட் இல்லாத நிக்கல் முலாம்: சரக்கு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு பீன்யாவில் ஒரு முலாம் பட்டறையின் சரக்கு வாங்கும் மேசையில் உட்கார்ந்து எனக்குப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து வந்து இங்கே லேத்தும் மில்லிங்கும் நடத்தும் நம் ஆட்கள் நிறையப் பேர். விலை பேசும்போது கன்னடம். சந்தேகம் வந்துவிட்டால் தமிழ். வாரத்துக்கு நான்கு முறையாவது அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி வைத்தேன்.

பெயர் பற்றி முதலில் ஒரு எச்சரிக்கை. கரண்ட் இல்லாமல் போடும் இந்த எலக்ட்ரோலெஸ் நிக்கலை இங்கே எல்லோரும் சுருக்கி ‘ஈஎன்’ என்பார்கள். ஈஎன்8, ஈஎன்24 என்று எஃகு வகைகளுக்கும் அதே எழுத்துகள்தான். ‘ஈஎன்8-க்கு ஈஎன்’ என்று எழுதிய சலான் வந்தால் புதிதாகச் சேர்ந்த பையன் என் முகத்தைப் பார்ப்பான். இந்தப் பக்கத்தில் ஈஎன் என்றால் எஃகு மட்டுமே.

கரண்டே கொடுக்காமல் இரும்பில் நிக்கல் எப்படி ஒட்டுகிறது?

சாதாரண முலாமில், ரெக்டிஃபையர் (ஏசி கரண்ட்டை டிசி ஆக்கும் கருவி) தரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கரைசலில் உள்ள நிக்கல் அயனி உலோகமாகிறது. இங்கே அந்த எலக்ட்ரான்களைத் தருவது சோடியம் ஹைப்போபாஸ்பைட் என்ற உப்பு. நிக்கல் சல்பேட்டும் இதுவும் ஒரே தொட்டியில் இருந்தாலும் ஆறிய கரைசலில் ஒன்றும் நடக்காது. 85 முதல் 92 டிகிரி வரை சூடேற்றி, வினையைத் தூண்டக்கூடிய உலோகப் பரப்பு ஒன்றை உள்ளே விட்டால்தான் வேலை தொடங்கும். படிந்த நிக்கலே அடுத்த படலத்துக்குத் தூண்டுகோலாகிவிடுவதால், பொருளை வெளியே எடுக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஹைப்போபாஸ்பைட்டில் உள்ள பாஸ்பரசிலும் கொஞ்சம் கூடவே வந்து படிகிறது. ஆகவே கிடைப்பது சுத்த நிக்கல் அல்ல, நிக்கலும் பாஸ்பரசும் சேர்ந்த கலவை. கடினம், துரு, காந்தம் என்று பின்னால் வரும் கேள்விகளில் பாதி இந்தப் பாஸ்பரசில்தான் போய் முடியும்.

ஹைப்போபாஸ்பைட் நிக்கலைப் பிரித்தெடுக்கும் என்பதை 1844-லேயே வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பார்த்துவிட்டார். ஆனால் அவருக்குக் கிடைத்தது பொடி. அதைப் பொருளின் மேல் மட்டும் படிய வைக்கும் முறையை 1946-ல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெல்லும் வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது இதை அல்ல. சாதாரண முலாம் தொட்டியில் ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்துப் பார்த்தபோது, கொடுத்த மின்சாரக் கணக்கைவிட அதிகமாக நிக்கல் படிந்திருந்தது. அதைக் கணக்குப் பிழை என்று தள்ளிவிடாததுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

கரண்ட் செலவே இல்லையே, பிறகு ஏன் சாதாரண நிக்கலைவிட விலை அதிகம்?

கரண்ட் இல்லை என்று யார் சொன்னது? ரெக்டிஃபையர்தான் இல்லை. நூற்றுக்கணக்கான லிட்டரை நாள் முழுக்க 90 டிகிரியில் வைத்திருக்க ஹீட்டர் ஓடுகிறது, பம்ப் ஓடுகிறது, ஃபில்டர் ஓடுகிறது.

பெரிய செலவு ரசாயனம். ஒரு கிலோ நிக்கல் படிய ஏறத்தாழ 5 கிலோ ஹைப்போபாஸ்பைட் தீர்ந்துபோகிறது. சாதாரண முலாமில் தொங்கவிட்ட நிக்கல் கட்டி (ஆனோடு) கரைந்து தொட்டியை நிரப்பிக்கொள்ளும். கரைசல் வருடக் கணக்கில் ஓடும். இங்கே செலவான ஹைப்போபாஸ்பைட் ஆர்த்தோபாஸ்பைட்டாக மாறிக் கரைசலிலேயே தங்குகிறது. அது சேரச் சேர வேகம் குறையும், படலத்தின் தரமும் மாறும். லிட்டருக்கு 6 கிராம் நிக்கல் உள்ள 500 லிட்டர் தொட்டியில் 3 கிலோ நிக்கல் இருக்கிறது. அந்த 3 கிலோவும் தீர்ந்து, மீண்டும் நிரப்பினால் ஒரு சுற்று. ஆறு, எட்டு சுற்றுகளில் தொட்டி முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டும். நீங்கள் கொடுக்கும் விலையில் அந்தப் பழைய கரைசலின் இறுதிச் சடங்கும் அடக்கம்.

பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

கண்ணுக்கு ஏறத்தாழ அப்படித்தான். இது சற்று மஞ்சள் ஓடிய வெள்ளி நிறம். வித்தியாசம் மூலைகளிலும் துளைகளிலும் தெரியும். கரண்ட் விளிம்புகளைத் தேடிப் போகும். அதனால் சாதாரண முலாமில் ஓரம் தடித்தும் நடு மெலிந்தும், துளையின் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் வரும். இங்கே கரைசல் புதிதாக வந்து தொடும் இடமெல்லாம் ஒரே தடிமன். வால்வு உடல், பம்ப் பாகம், ஹைட்ராலிக் ஸ்பூல், அச்சு என்று உள்ளும் வெளியும் சிக்கலான பொருள்கள் இங்கே வருவதற்குக் காரணம் அதுதான். தட்டையான தகட்டுக்குப் பளபளப்பு மட்டும் போதும் என்றால் சாதாரண நிக்கலே போடுங்கள். எங்கள் முதலாளிக்கு இந்த வரி பிடிக்காது.

லோ பாஸ், மிட் பாஸ், ஹை பாஸ் என்கிறார்களே, எதைக் கேட்க வேண்டும்?

பாஸ்பரஸ் எடையில் 2 முதல் 5 விழுக்காடு என்றால் லோ, 6 முதல் 9 வரை மிட், 10-க்கு மேல் ஹை. ‘ஹை’ என்றால் உயர்தரம் என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. அது தரத்தின் பெயர் அல்ல, அளவின் பெயர்.

ஹை பாஸ் படலத்தில் படிக அமைப்பே இருப்பதில்லை. கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற அமைப்பு. துரு நுழைவதற்குப் படிகங்களுக்கு இடையிலான எல்லைகள் இல்லாததால் உப்பு நீரையும் பல அமிலங்களையும் நன்றாகத் தாங்கும். தொட்டியிலிருந்து எடுத்த நிலையில் காந்தம் ஒட்டாது. கணினி ஹார்டு டிஸ்கின் அலுமினியத் தட்டுகளுக்கு அடிப்படலமாக இதைப் போட்டதற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று. லோ பாஸ் அதற்கு நேர் எதிர்: போட்டவுடனேயே கடினம் அதிகம், காஸ்டிக் போன்ற காரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் உப்பிலும் அமிலத்திலும் ஹை பாஸுக்குப் பின்னால்தான். மிட் பாஸ் இரண்டுக்கும் நடுவே. படியும் வேகமும் பளபளப்பும் நன்றாக இருப்பதால் பொதுவான வேலைகளுக்கு இதுவே வழக்கம்.

ஆகவே எதைக் கேட்பது என்று என்னிடம் கேட்டால், பொருள் எதற்குள் வேலை செய்யப்போகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ‘கடலோரத்தில் பம்ப்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். நைட்ரிக் அமிலம் என்றால் மூன்றுமே வேண்டாம். நாங்கள் முலாமை உரிப்பதற்கே அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

எத்தனை மைக்ரான் போட்டால் சரியாக இருக்கும்?

மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏஎஸ்டிஎம் பி733 என்ற தரநிலை இதை அழகாகப் பிரித்திருக்கிறது. இலேசான சூழலுக்குக் குறைந்தது 5 மைக்ரான், சற்றுக் கூடுதலாக அரிக்கும் சூழலுக்கு 13, மிதமான வெளிச் சூழலுக்கு 25, கடுமையான இடத்துக்கு 75. எங்களிடம் வருவதில் பெரும்பகுதி 10-லிருந்து 25-க்குள் அடங்கிவிடும்.

அவசரக்காரர்களுக்கு ஒரு கணக்கு. தொட்டியின் வயதையும் வகையையும் பொறுத்து மணிக்கு 10 முதல் 20 மைக்ரான் ஏறும். 25 மைக்ரான் என்றால் தொட்டிக்குள் மட்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் கழுவலும் அமிலமும் தனி. ‘வண்டி வெளியே நிற்கிறது அண்ணா, எடுத்துக்கொண்டே போய்விடுகிறேன்’ என்றால் வண்டியை அனுப்பிவிடுவது நல்லது.

டிராயிங்கில் போட்டிருக்கும் அளவு முலாமுக்கு முன்னா, பின்னா?

அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் டிராயிங்கில் எழுதவில்லை என்றால் அவரிடம் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் குப்பைக்குப் போன பொருள்களை அடுக்கினால் எங்கள் பட்டறை வாசல் மறைந்துவிடும்.

கணக்கு எளிது. ஷாஃப்டில் 10 மைக்ரான் போட்டால் விட்டம் 20 மைக்ரான் கூடும். துளையில் 20 குறையும். 20 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற அளவுத் தரம் என்றால் மொத்தச் சலுகையே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 21 மைக்ரான். நீங்கள் நடு அளவில் கடைந்து, நான் 10 மைக்ரான் போட்டால் அளவு பார்க்கும் கேஜ் துளைக்குள் போகாது. அதில் இருவர் மேலும் தவறில்லை, ஆனால் இருவரும் சண்டை போடுவோம்.

திருகுமரை இன்னும் மோசம். 60 டிகிரி மரையில் சரிவான பக்கங்களில் படிவதால் பிட்ச் விட்டம் (மரையின் சரிவுகளில் அளக்கும் நடு விட்டம்) தடிமனைப் போல நான்கு மடங்கு மாறும். எம்8 போல்ட்டுக்கு 6ஜி சலுகை என்றால் மேல் பக்கம் இருக்கும் இடைவெளி 28 மைக்ரான். நான்கால் வகுத்தால் 7. அதற்கு மேல் போட வேண்டுமானால் மரையை முதலிலேயே குறைத்து வெட்டுங்கள். நட்டுக்கும் சேர்த்துப் போட்டால் இடிப்பு இரண்டு பக்கமும் சேரும்.

எந்த உலோகமாக இருந்தாலும் போட்டுக் கொடுப்பீர்களா?

எஃகும் அலுமினியமும் செம்பும் பித்தளையும் ஸ்டெயின்லெஸ்ஸும் எல்லாமே போடலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு. சாதாரண எஃகு சுத்தமாக இருந்தால் தானாகத் தொடங்கிவிடும். செம்பும் பித்தளையும் தானாகத் தொடங்காது. கரைசலுக்குள் ஒரு இரும்புத் துண்டால் தொட்டோ ஒரு நொடி கரண்ட் காட்டியோ கிளப்பிவிட வேண்டும். அதைப் பார்க்கும் பயிற்சி மாணவர்கள் சிரிப்பார்கள், நெருப்புப் பற்றவைப்பதுபோல இருக்கிறது என்று. ஏறத்தாழ அப்படித்தான்.

ஈயம், காட்மியம், துத்தநாகம், தகரம் ஆகியவை இந்தத் தொட்டிக்கு விஷம். ஒருமுறை ஒருவர் ‘எம்எஸ்’ (மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) என்று சலானில் எழுதி ஒரு பெட்டி சிறு பின்களைக் கொடுத்தார். எளிதாகக் கடைய ஈயம் சேர்த்த எஃகு அது. முதல் ரேக்கில் படலம் திட்டுத் திட்டாக வந்தது, மூன்றாவது ரேக்கில் ஏறவே இல்லை. அவருக்கும் தெரியாமல்தான் நடந்தது. கம்பி வாங்கிய கடையில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். தொட்டி மட்டும் எங்களுடையது. சாலிடர் வைத்த பொருளையும் அதனால்தான் முதலில் ஓரமாக வைக்கிறோம்.

அலுமினியத்துக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் கேட்கிறீர்கள்?

அலுமினியத்தைச் சுத்தம் செய்து காற்றில் காட்டினால் அந்த நிமிடமே ஆக்சைடு படிந்துவிடும். அதன் மேல் எதைப் போட்டாலும் தோல்போல உரியும். எனவே ஜிங்கேட் என்ற காரக் கரைசலில் முக்கி, ஆக்சைடை நீக்கிய கையோடு மெல்லிய துத்தநாகப் படலம் போர்த்துகிறோம். பெரும்பாலும் அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு இரண்டாவது முறை போர்த்துவோம். இரண்டாம் படலம் நெருக்கமாக, சீராக வரும். பிறகுதான் நிக்கல். போன கேள்வியில் துத்தநாகம் விஷம் என்று சொன்னது நினைவிருந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் போகுமே என்று கேட்பீர்கள். போகிறது. அலுமினியத்துக்கென்று தனித் தொட்டி வைத்திருக்கிறோம்.

6061, 7075, சிலிக்கான் மிகுந்த வார்ப்பு என்று ஒவ்வொரு அலுமினிய வகைக்கும் அமிலமும் நேரமும் மாறும். வெறும் ‘அலுமினியம்’ என்று எழுதினால் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவோம்.

ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டது மூன்றே நாளில் உரிந்து வந்துவிட்டது. கெமிக்கல் கலப்படமா?

கலப்படமாக இருக்காது. ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காக்கும் அதே குரோமிய ஆக்சைடுதான் முலாமையும் ஒட்டவிடாமல் செய்கிறது. நிக்கல் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த தொட்டியில் கரண்ட் கொடுத்து ஒரு மெல்லிய நிக்கல் அடி போட வேண்டும். வுட்ஸ் ஸ்டிரைக் என்பார்கள். அந்தப் படியைத் தாண்டிப்போனவர்கள் யாரோ உங்களுக்குக் குறைந்த விலை சொல்லியிருக்கிறார்கள்.

கீறல், டூல் மார்க் எல்லாம் முலாமில் மறைந்துவிடும்தானே?

மறையாது. சீரான படலம் என்றால் கீறலும் சீராகவே வரும். பளபளப்பில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வார்ப்பில் உள்ள நுண் துளைகளும் அப்படித்தான். அவற்றுக்குள் தங்கிய அமிலம் ஒரு வாரம் கழித்து வெளியே கசிந்து வெள்ளைப் பூவாகப் பூக்கும். அப்போது பழி எங்கள் மேல் விழும்.

அடைத்த துளையின் அடியில் ஏறவே இல்லையே? எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்றீர்கள்?

கரைசல் தொடும் இடமெல்லாம் என்று சொன்னேன். அடைத்த துளையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் உள்ளே காற்று நிற்கும். நிமிர்த்தினாலும் வினையில் வரும் ஹைட்ரஜன் குமிழி வெளியேற வழி வேண்டும். இடையிடையே அசைக்கிறோம், திருப்புகிறோம். ஆனால் 3 மில்லிமீட்டர் விட்டத்தில் 40 ஆழம் என்றால் உள்ளே இருக்கும் கொஞ்சம் கரைசலில் நிக்கல் தீர்ந்துவிடும், புதிது உள்ளே வராது. டிராயிங் போடும்போதே மறுபக்கம் சிறு துளை ஒன்று விட முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். முடிந்தால் அதைவிட மலிவான தீர்வு இல்லை.

சூடாக்கினால் ஹார்ட் குரோம் மாதிரி ஆகிவிடுமாமே?

அருகில் போகும். போட்ட நிலையில் மிட் பாஸ் படலம் 500 விக்கர்ஸை (கடினத்தின் அளவு) ஒட்டி இருக்கும். 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நிக்கல் பாஸ்பைடு படிகங்கள் பிரிந்து 850-லிருந்து 1000 வரை ஏறும். தேய்மானத்துக்கு நல்லது.

ஆனால் கொடுத்து வாங்கும் கணக்கு இது. படிகம் பிரியும்போது படலம் சுருங்கி நுண் வெடிப்பு விடும். ஹை பாஸின் ஒழுங்கற்ற அமைப்பும் போய்விடும். மேலே அதற்கென்று சொன்ன உப்பு நீர்த் தாங்குதிறனும் காந்தமின்மையும் கூடவே போகும். துருவுக்கென்று ஹை பாஸ் கேட்டுவிட்டு, கூடவே 400 டிகிரி என்றும் எழுதிய டிராயிங்குகள் மாதத்துக்கு ஒன்றாவது வருகின்றன. தேய்மானமா, துருவா, எது முதலில் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். காற்றில் சூடாக்கினால் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அலுமினியத்துக்கு 400 டிகிரியை நினைக்கவே வேண்டாம். 7075-டி6 அந்தச் சூட்டில் தன் வலுவை இழந்துவிடும். அதற்கு 120 முதல் 130 டிகிரியில் ஒரு மணி நேரம்; அது கடினத்துக்கு அல்ல, ஒட்டுவதற்கு.

12.9 போல்ட் முலாம் போட்ட பிறகு முறுக்கும்போதே உடைந்தது. முலாம் எப்படி போல்ட்டை உடைக்கும்?

உடைத்தது ஹைட்ரஜன். துரு நீக்கும் பிக்ளிங் அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு எஃகுக்குள் புகுந்துவிடும். மென்மையான எஃகு பொறுத்துக்கொள்ளும். கடினமான எஃகு இழுவையில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும், சில நேரம் மாட்டி இரண்டு நாள் கழித்துக்கூட. கடினம் 31 ராக்வெல் சி-க்கு மேல் இருந்தாலே கவனம் தேவை, 12.9 என்ற உயர்வலு போல்ட் 39-க்கு மேல். கடினப்படுத்திய ஈஎன்24, ஸ்பிரிங் எல்லாம் இதே கூட்டம்.

மருந்து, முலாம் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி வரையிலான அடுப்பில் ஏற்றுவது. எஃகின் வலுவைப் பொறுத்து எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாள்வரை உள்ளேயே இருக்க வேண்டும். மறுநாள் காலை வந்து ஏற்றலாம் என்றால் அதற்குள் விரிசல் தொடங்கியிருக்கலாம். கடினம் எவ்வளவு என்று நீங்கள் எழுதாவிட்டால் எங்களுக்கு இதைச் செய்ய வேண்டும் என்றே தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க உங்களுக்கு நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மற்றவற்றில் பணம்தான் போகும்.

சால்ட் ஸ்ப்ரேயில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

உங்கள் பொருளைச் சோதித்துவிட்டு எழுதித் தரலாம். அதற்கு முன் தரமாட்டேன். துத்தநாக முலாமும் இதுவும் ஒன்றல்ல என்பதே காரணம். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கீறல் பட்டாலும் கொஞ்ச நாள் ஓடும். நிக்கல் ஒரு சுவர். ஓட்டை இல்லாதவரை நன்றாக நிற்கும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால், நிக்கலும் இரும்பும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகி, அந்த இடத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

ஓட்டை எங்கிருந்து வரும்? பாதி உங்கள் பரப்பிலிருந்து. சொரசொரப்பான வார்ப்பும் நன்றாகக் கிரைண்டு செய்த ஷாஃப்டும் ஒரே தொட்டியில் 25 மைக்ரான் வாங்கினாலும், 35 டிகிரியில் 5 விழுக்காடு உப்பு மூடுபனிக்குள் நின்றால் வார்ப்புதான் முதலில் சிவக்கும்.

என்னுடைய மீட்டரில் 14 மைக்ரான், உங்கள் ரிப்போர்ட்டில் 20. யார் ஏமாற்றுகிறார்கள்?

மீட்டர் ஏமாற்றுகிறது. பெயின்ட்டின் தடிமன் பார்க்கும் காந்த மீட்டர், மேலே இருப்பது காந்தத்தில் ஒட்டாத பொருள் என்று நம்பி அளக்கிறது. ஹை பாஸில் அந்த நம்பிக்கை சரி, அளவும் சரியாக இருக்கும். லோ பாஸிலோ, சூடாக்கிய படலத்திலோ அந்த நம்பிக்கை உடைந்துவிடும். காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. எக்ஸ்ரே மீட்டரில் பாருங்கள், அல்லது ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள்.

வீட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பரப்பில் 25 மைக்ரான் ஏறினால் எடை ஏறத்தாழ 2 கிராம் கூடும். பரப்பளவு தெரிந்த துண்டை நல்ல தராசில் முன்னும் பின்னும் நிறுத்தால் போதும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பொரிப் பொரியாக, மணல் ஒட்டியதுபோல வந்திருக்கிறதே?

அது பெரும்பாலும் எங்கள் தவறு. ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது தொட்டிச் சுவரில் படிந்த நிக்கல் துகள் உதிர்ந்து மிதந்திருக்கும். தொட்டியை அவ்வப்போது காலி செய்து நைட்ரிக் அமிலத்தில் சுவரைக் கழுவ வேண்டும். வேலை நெருக்கடியில் அதைத் தள்ளிப்போட்டால் இப்படித்தான். திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தண்ணீரும் ஒரு காரணம். பீன்யாவின் போர்வெல் தண்ணீரை நேராக ஊற்றினால் உப்பும் குளோரைடும் சேர்ந்துகொள்ளும். அயனி நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 90 டிகிரியில் ஆவியாகிக்கொண்டே இருக்கும் தொட்டிக்கு நாள் முழுக்க அதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய முலாமை உரித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடுமா?

அலுமினியத்திலிருந்து அடர் நைட்ரிக் அமிலத்தில் உரிக்கலாம். அடர் நைட்ரிக் அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. எஃகில் கவனம் அதிகம் தேவை. அமிலத்தில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எஃகையே தின்னும். உரித்து மீண்டும் போட்ட ஒவ்வொரு முறையும் பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாகும், அளவும் மைக்ரான் கணக்கில் நகரும். ஒருமுறை செய்யலாம். இரண்டாவது முறை என்றால் எச்7 கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். ஈயம் இல்லை என்று சான்று கேட்கிறார்கள். நிக்கலில் ஏது ஈயம்?

கரைசல் தானாகச் சிதையாமல் நிற்க லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஈயமும், பளபளப்புக்குக் காட்மியமும் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயம் விஷம் என்று மேலே சொன்னேனே, அதே ஈயம் துளி அளவில் மருந்து. மின்னணுப் பொருள்களில் ஈயம் போன்ற நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹ்ஸ் விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, இரண்டும் இல்லாத கரைசல்கள் வந்துவிட்டன. சான்று வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள். எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பதே அதைப் பொறுத்தது.

ஒரு ஹீட்டரும் பிளாஸ்டிக் தொட்டியும் போதுமென்றால் நானே என் ஷெட்டில் போட்டுக்கொள்ளக் கூடாதா?

தம்பிகள் பலர் கேட்டுவிட்டார்கள். ரெக்டிஃபையர் இல்லை என்பதாலேயே எளிது என்று தோன்றுகிறது. பி.எச். 4.5-க்கும் 5.2-க்கும் நடுவே நிற்க வேண்டும். நிக்கலையும் ஹைப்போபாஸ்பைட்டையும் அரை மணிக்கு ஒருமுறை டைட்ரேஷன் செய்து (சொட்டுச் சொட்டாக ரசாயனம் விட்டு அளந்து) பார்த்து ஊற்ற வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரைத் தாண்டி இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரிக்கே கொதிக்கும். 90-ல் நிற்கும் தொட்டிக்கும் கொதிநிலைக்கும் நடுவே இடைவெளி அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. பச்சைத் தொட்டி கறுத்து, நுரைத்து, சில நிமிடங்களில் 300 லிட்டர் கரைசலிலும் இருந்த நிக்கல் பொடியாகி அடியில் உட்கார்ந்தது. நுரையில் இருந்தது ஹைட்ரஜன்; பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவில்லை என்பதுதான் அன்றைய அதிர்ஷ்டம்.

அதைவிடப் பெரிய தலைவலி கழிவு. நிக்கலைக் கரைசலில் பிடித்து வைக்க லாக்டிக், சிட்ரிக் போன்ற அமிலங்கள் சேர்த்திருப்பார்கள். அந்தப் பிடி சுண்ணாம்புக்கும் அசையாது. சாதாரண முலாம் கழிவைப்போல நிக்கல் அடியில் இறங்காது. மற்றக் கழிவோடு கலந்துவிட்டால் அங்கே இருக்கும் உலோகங்களையும் பிடித்துக்கொண்டு வெளியே போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வகைப்பாட்டில் முலாம் தொழில் சிவப்புப் பிரிவில் இருப்பது சும்மா அல்ல. நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலின் முதல் பிரிவில் உள்ளவை. தொட்டு வேலை செய்பவர்களுக்குத் தோல் அரிப்பும் சொறியும் வரும். எங்கள் பையன்களில் ஒருவன் அதனாலேயே கணக்கு எழுதும் வேலைக்கு மாறினான். பீன்யாவின் சாக்கடை விருஷபாவதியில் போய்ச் சேர்கிறது, அந்த ஆற்றின் நிறத்தை மைசூரு சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஷெட்டில் போடாதீர்கள்.

சரி அண்ணா, சலானில் என்னதான் எழுத வேண்டும்?

உலோகத்தின் முழுப் பெயர், அதாவது ‘எம்எஸ்’ அல்ல, ஈஎன்8 அல்லது 6061-டி6. வெப்பப் பதம் செய்திருந்தால் கடினம். குறைந்தபட்சம் எத்தனை மைக்ரான், அதிகபட்சம் எத்தனை; ‘20 மைக்ரான்’ என்று மட்டும் எழுதினால் 20 குறைந்தபட்சமா சராசரியா என்று நாம் இருவரும் பிறகு தர்க்கம் செய்வோம். பாஸ்பரஸ் வகை, அல்லது பொருள் எங்கே வேலை செய்யும் என்று ஒரு வரி. சூடாக்க வேண்டுமா. முலாம் படக்கூடாத இடம் இருந்தால் டிராயிங்கில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது.

பொருளின் மேல் எண்ணெய் இருக்கலாம், துரு வேண்டாம். மழைக்காலத்தில் ஒசூரிலிருந்து திறந்த டெம்போவில் வருவது அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் சிவந்துவிடுகிறது. சிலிக்கான் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், அது எந்தக் கழுவலிலும் முழுதாகப் போகாது.

இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகும் உரிந்தால் யார் பொறுப்பு?

படலத்தின் அடிப்பக்கம் பளபளப்பாகச் சுத்தமாக உரிந்தால் அநேகமாக எங்கள் கழுவல் சரியில்லை, பணம் வாங்கமாட்டோம். படலத்தோடு அடி உலோகமும் ஒட்டிக்கொண்டு பிய்ந்தால் முலாம் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பொருளின் தோல்தான் பலவீனம்: கிரைண்டிங்கில் கருகியது, அல்லது வார்ப்பின் மேல் ஓடு. இரண்டுக்கும் நடுவே வருபவைதான் அதிகம். அதற்குத்தான் ஒவ்வொரு லாட்டிலும் முலாம் போடாத ஒரு துண்டைத் தேதி எழுதி உங்கள் மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள் என்கிறேன். அடுத்த முறை வரும்போது அதையும் கையோடு எடுத்துவாருங்கள், தொட்டியில் போட்டே பார்த்துவிடலாம்.